கையில் தீப்புண்... நான் தேடியது தைலம்!

அடுத்தவர் கையைப் பிடித்து நாடி பார்ப்பதே பிழைப்பாக இருக்கிற எனக்கு, என் கையே நடுங்கிப்போன நாள் ஒன்று உண்டு. வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். படிக்கிற நாலு வீட்டுக்காவது உபயோகப்படட்டும்.

2009-ஆம் வருஷம், மே மாதம். செஞ்சிக் கோட்டைப் பாறைகள் அனலாய்க் காயும் கத்திரி வெயில். அனந்தபுரத்தில் என் வைத்தியசாலைக்குப் பின்கட்டில் அப்போது ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. அங்கேதான் தைலம் காய்ச்சுவோம். அன்றைக்கு அடுப்பில் பெரிய இரும்புக் கடாய், அதில் பத்துப் பன்னிரண்டு லிட்டர் நல்லெண்ணெய். காலை ஆறு மணிக்கு மூட்டிய அடுப்பு, பதினொரு மணிக்கும் எரிந்துகொண்டிருந்தது.

தைலம் காய்ச்சுவது வீட்டில் முறுக்கு சுடுகிற மாதிரி இல்லை. மூலிகைச் சாறு, அரைத்த கற்கம் எல்லாம் சேர்த்து, ஈரம் முழுக்கச் சுண்டும்வரை பொறுமையாக எரிக்க வேண்டும். இதற்காகவே சித்த நூல்களில் தீயை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். விளக்குச் சுடர் போல மெல்ல எரிவது தீபாக்கினி. தாமரை மொட்டுப் போலக் கொஞ்சம் எழும்பி எரிவது கமலாக்கினி. கொழுந்துவிட்டு எரிவது காடாக்கினி. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது இதையெல்லாம் தலைகீழாக ஒப்பித்து மார்க் வாங்கியவன் நான்.

இன்னொன்றும் படித்திருந்தேன். நெய் காய்ச்சினால் பதம் வரும்போது நுரை அடங்கும்; எண்ணெய் காய்ச்சினால் பதம் வரும்போது நுரை பொங்கும். அதாவது, வேலை முடிகிற கடைசிப் பத்து நிமிஷம்தான் ஆபத்தான பத்து நிமிஷம். சரியாக அந்த நேரத்தில் முன்கட்டில் டெலிபோன் அடித்தது. எடுக்கப் போய்விட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது என் உதவியாளர் பையன். பத்தொன்பது வயசு.

நுரை பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்திருக்கிறது. அடுப்பில் விழுந்த எண்ணெய் குப்பென்று பற்றி, சட்டியின் மேலேயே தீ ஏறிவிட்டது. பையன் பதறிப்போய், பக்கத்தில் இருந்த பக்கெட் தண்ணீரை அப்படியே தூக்கிச் சட்டியில் ஊற்றிவிட்டான்.

'டமால்' என்ற சத்தம் தெருவுக்கே கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது நெருப்பு ஆள் உயரத்துக்கு மேலே எழும்பிக் கீற்றைத் தொட்டுவிட்டிருந்தது. வெயிலில் காய்ந்த கீற்று... கேட்கவா வேண்டும்?

தண்ணீர் ஏன் வெடித்தது?

இதை அன்றைக்கு அந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. ஊற்றியவுடன் அடியில் போய்விடும். கொதிக்கிற எண்ணெயின் சூடோ தண்ணீர் கொதிக்கிற சூட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே. அடியில் போன தண்ணீர் கண் இமைக்கும் நேரத்தில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் பிடிக்கும். அந்த ஆவி மேலே இருக்கிற எண்ணெயைத் துளித்துளியாக உடைத்துக்கொண்டு கிளம்புகிறது. ஒவ்வொரு துளியும் எரிந்துகொண்டே பறக்கும்.

சட்டியில் தீப்பிடித்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுப்பை அணைத்துவிட்டு, சட்டிக்குச் சரியான தட்டு மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடிவிடுங்கள். காற்று போகாவிட்டால் தீ செத்துப்போகும். மூடி இல்லையென்றால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியை அகலமாகப் பிடித்து மேலே போர்த்தலாம். சொட்டச் சொட்ட ஈரம் கூடாது. மூடியபின் ஆசை ஆசையாக உடனே திறந்து பார்க்கவும் கூடாது. சூடு தணியாத எண்ணெய் காற்றுப் பட்டதும் மறுபடி பற்றும். எரிகிற சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறவர்களும் உண்டு. அவர்களைத்தான் நான் பின்னால் முதுகெல்லாம், தொடையெல்லாம் புண்ணாகப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து நடந்த கூத்து

பையனின் வலது கை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. ஒரு பக்கம் கொட்டகை எரிகிறது, இன்னொரு பக்கம் பையன் அலறுகிறான். என் அம்மா, "டேய், இங்க் பாட்டில் எங்கடா?" என்று தேடுகிறார். எதிர்வீட்டு அம்மா அரிசி மாவை ஒரு படி அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஒருத்தர் "டூத் பேஸ்ட் போடுங்க, குளுகுளுன்னு இருக்கும்" என்கிறார்.

வைத்தியராகிய நான் என்ன செய்தேன் தெரியுமா? அலமாரியில் தீப்புண் தைலத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்! கிடைத்தது. பையன் கை முழுக்கப் பூசியும் விட்டேன். நம் கையில் இருக்கிற மருந்துமேல் நமக்கு அவ்வளவு நம்பிக்கை!

போன் செய்தவர் பக்கத்துக் கடைக்காரர். 101-ஐச் சுழற்றி, "அனந்தபுரத்துல வைத்தியர் வூடு எரியுது, சீக்கிரம் வாங்க" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். எந்தத் தெரு, என்ன எரிகிறது, ஆள் யாராவது உள்ளே மாட்டிக்கொண்டார்களா, எதுவும் சொல்லவில்லை. அன்றைக்குச் செஞ்சியிலிருந்துதான் வண்டி வந்தது. ஊர் எல்லை வரை வேகமாக வந்தவர்கள், உள்ளே வந்து வைத்தியர் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு, இன்னொரு நாட்டு வைத்தியர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். திரும்பி வருவதற்குள் கொட்டகையில் பாதி சாம்பல்.

ஆனாலும் அவர்கள் வந்ததால்தான் பக்கத்து வீட்டு வைக்கோல் போரும், அதை ஒட்டிய மாட்டுக் கொட்டகையும் பிழைத்தன. வந்து இறங்கியதும் இரண்டு பேர் குழாயைப் பிடித்துக்கொண்டு எரிகிற இடத்துக்குப் போகாமல், எரியாத வைக்கோல் போருக்குப் போய் அதை நனைத்தார்கள். "ஐயோ, இங்க எரியுதே!" என்று நாங்கள் கத்தினோம். எரிந்து முடிந்ததைவிட எரியப்போவதைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வைத்தியத்திலும் அப்படித்தானே!

அவர்களில் மூத்தவர் ஒருவர் என் பக்கம் திரும்பிப் பையன் கையைப் பார்த்தார்.

"இது என்ன சார் பூசியிருக்கு?"

"தைலம்."

"நீங்கதான் டாக்டரா?"

"ஆமாம்."

"மொதல்ல தண்ணி ஊத்துங்க டாக்டர். மருந்து அப்புறம் பார்த்துக்கலாம்."

அவரே பையனை இழுத்துக்கொண்டு போய்க் கைப்பம்புக்குக் கீழே உட்காரவைத்து, ஓர் ஆளை விட்டு அடிக்கச் சொன்னார். கையில் இருந்த வெள்ளிக்காப்பைக் கழற்றச் சொன்னார். அதுவும் எனக்குத் தோன்றவில்லை. வீக்கம் வந்தபிறகு காப்பையும் மோதிரத்தையும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அரைமணி நேரத்தை நான் வீணாக்கியிருந்தேன். பையனைப் பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பூசிய தைலத்தைத் துடைத்து எடுக்கவே அவர்கள் படாதபாடு பட்டார்கள், பையனுக்கு உயிர் போகிற வலி. கை பிழைத்தது. சுண்டுவிரல் மட்டும் மடங்கினபடியே நின்றுவிட்டது. இப்போதும் அவன் எதிரில் வந்தால் என் கண் முதலில் அந்த விரலுக்குத்தான் போகிறது.

தண்ணீர்தான் முதல் மருந்து

சித்த வைத்தியன் சொல்வதால் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சுட்ட இடத்தில் உடனே குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் ஓடவிட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிஷம். நமக்கு இரண்டு நிமிஷத்திலேயே கை சலித்துவிடும். மேல்தோல் ஆறினாலும் உள்தசையில் சூடு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதை நிறுத்தத்தான் இவ்வளவு நேரம். உடனே செய்ய முடியாமல் போனாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் கட்டி வைக்கக் கூடாது. வெந்த தோலை அது இன்னும் கெடுக்கும். சின்னக் குழந்தையாக இருந்து உடம்பில் நிறைய இடம் வெந்திருந்தால், புண்ணைக் குளிர்விக்கும்போதே மற்ற உடம்பைத் துணியால் போர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் உடல் ஜில்லிட்டுப் போகும்.

பிறகு, துவைத்த பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். இங்க், மாவு, மஞ்சள், காபித்தூள், பேஸ்ட், வெண்ணெய், எங்கள் தைலம் எதுவும் முதல் நாள் வேண்டாம். கொப்புளத்தை ஊசியால் குத்தவும் வேண்டாம். துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், சுற்றிலும் கத்தரித்துவிட்டு அப்படியே விடுங்கள்.

"எவ்வளவு பெரிய புண்ணுக்கு ஆஸ்பத்திரி?" என்று கேட்பீர்கள். நோயாளியின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்பில் சுமார் நூற்றில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு மேல் போனால் வீட்டு வைத்தியம் பேசாதீர்கள். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு என்றால் அளவே பார்க்க வேண்டாம், உடனே போங்கள். கரண்ட் சுட்டது, ஆசிட் பட்டது, புகையைக் குடித்தது, இதற்கும் அப்படியே. கைக்குழந்தைக்கும் வயசானவருக்கும் சின்னப் புண்ணும் பெரிய புண்தான்.

அப்படியானால் சித்த மருத்துவத்துக்கு இதில் வேலையே இல்லையா? உண்டு. விரல் நுனியில் தோசைக்கல் பட்டது போன்ற சின்ன விஷயத்துக்கு, தண்ணீர் ஊற்றி ஆறின பிறகு, நன்றாகக் கழுவிய சோற்றுக் கற்றாழைச் சோறு இதமாக இருக்கும். சுண்ணாம்புத் தெளிநீரில் தேங்காய் எண்ணெயைக் குழைத்துப் போடுவது நம் பாட்டிமார் அறிந்தது. ஸ்காட்லாந்தில் கேரன் என்ற இரும்பு ஆலையில் தொழிலாளர்களுக்குச் சுட்டால் சுண்ணாம்பு நீரையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்து போடுவார்களாம். அதற்கு 'கேரன் எண்ணெய்' என்றே பெயர். இரண்டு ஊர்ப் பாட்டிகளும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்படலாம். ஆனால் பெரிய புண்ணில் எண்ணெய் போட்டால் சூடும் கிருமியும் உள்ளேயே அடைபடும். ஆறி வருகிற நாளில் தழும்பு இறுகாமல் இருக்க எண்ணெய் தடவுவது வேறு கதை. அதற்கு வாருங்கள், நான் இருக்கிறேன்.

"தீயைவிட மாடுதான் சார் அதிகம்!"

பையன் வீடு திரும்பியதும், ஒரு கிலோ மிக்சரும் ஒரு கிலோ ஜாங்கிரியும் வாங்கிக்கொண்டு செஞ்சி தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். நன்றி சொல்லத்தான். கூடவே கொஞ்சம் பாவமன்னிப்பும்.

போன இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். சிவப்பு வண்டியின் வயிற்றில் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர். குழாயைத் திறந்து முழு வேகத்தில் அடித்தால் அது சில நிமிஷத்துக்குத்தான் வரும். அதனால்தான் வண்டி வந்ததும் அவர்கள் கண் கிணற்றையும் ஏரியையும் தேடுகிறது. ஊரில் பம்ப்செட் எங்கே ஓடுகிறது, எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று காட்டுகிற ஆள்தான் அவர்களுக்கு அந்த நேரத்தில் தெய்வம். நாமோ வண்டியைச் சுற்றி நின்று "ஏன் லேட்டு?" என்று சண்டை போடுகிறோம்.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு இப்போது தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை என்று பெயர். சென்னையில் 1908-இல் தொடங்கிய படை. 1985-இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. பெயரில் 'மீட்பு' என்ற சொல் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை. "தீயைவிட மாடுதான் சார் அதிகம்!" என்றார் அந்த மூத்தவர் சிரித்துக்கொண்டே. எங்கள் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறு ஏராளம். மாடு விழும், நாய் விழும், குடித்துவிட்டு மனுஷரும் விழுவார். வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் இவர்கள்தான். புளியமரத்தில் கதண்டு கூடு கட்டினாலும் இவர்கள்தான். மழை வெள்ளத்தில் படகோடு வருவதும், ரோட்டில் நசுங்கிய காரை வெட்டி ஆளை எடுப்பதும் இவர்கள்தான். தீயணைக்கவும் உயிரை மீட்கவும் பணம் கிடையாது. "டீசல் காசு கேட்பாங்களோ" என்று பயந்து போன் செய்யாமல் இருக்கிற வீடுகள் இன்றைக்கும் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் ரிப்பேர் பார்க்கவோ தூர் வாரவோ இறங்கியவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க மகன் இறங்குகிறான். மகனைத் தூக்கப் பங்காளி இறங்குகிறார். மூன்று பிணம். பேப்பரில் வருஷா வருஷம் படிக்கிறோம். பல நாள் மூடிக்கிடந்த ஆழக் கிணற்றிலும், செப்டிக் டேங்கிலும் மூச்சுக்கு ஆகாத வாயு தேங்கியிருக்கும். டீசல் என்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே வைத்து ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கிற பழைய வழக்கம் பாதி உண்மைதான். பிராணவாயு குறைந்திருந்தால் விளக்கு அணையும். விஷவாயு இருந்தாலோ விளக்கு பாட்டுக்கு எரியும், இறங்கின ஆள் அணைந்துபோவார். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, முகமூடி போட்டு இறங்கத் தெரிந்தவர்கள் இவர்கள். அவர்கள் வரும்வரை பாசத்தில் யாரும் இறங்கிவிடாதபடி பிடித்து வையுங்கள்.

எங்கள் வட்டாரத்தில் இவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரி திரௌபதியம்மன் கோயிலை அந்த அம்மன் வழிபாட்டுக்கே மூல இடமாகச் சொல்வார்கள். ஊருக்கு ஊர் தீமிதி. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை தோறும் கூட்டம். தீமிதிக் குழிக்குப் பக்கத்தில் சிவப்பு வண்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நடக்கிறவர் பாதம் ஏன் வேகுவதில்லை என்று கேட்பார்கள். பக்தியைப் பற்றி நான் பேச வரவில்லை. கரித்தணல் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், மேலே சாம்பல் படிந்திருக்கும், பாதம் படுவதோ நொடி நேரம். வேகமாக நடப்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை. நடுவில் தடுமாறி விழுகிறவருக்கும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவருக்கும்தான் ஆபத்து. குழந்தையை மட்டுமாவது கரையில் விட்டுவிட்டு இறங்குங்களேன்!

கீற்று... கீற்று... கீற்று!

என் கொட்டகை எரிந்தபிறகு பழைய பெரிய விபத்துகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் கும்பாபிஷேகம், யாகசாலைப் பந்தலில் தீ, நாற்பதுக்கு மேற்பட்டோர் சாவு. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் மனநலம் சரியில்லாதவர்களைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த கொட்டகை; 28 பேர் ஓட முடியாமலே இறந்தார்கள். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபம். மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேலே. அதே வருஷம் ஜூலை 16, கும்பகோணம் பள்ளிக்கூடம், 94 குழந்தைகள். எழுதும்போதே கை நிற்கிறது.

நான்கிலும் தலைக்குமேல் இருந்தது கீற்று. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டது. வீட்டு விசேஷங்களுக்கு நாம்தான் உத்தரவு போட வேண்டும். கீற்றுப் பந்தலுக்குள் ஃபோக்கஸ் லைட், அதற்குப் பக்கத்திலேயே சமையல் அடுப்பு, நுழையவும் வெளியேறவும் ஒரே வழி. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் சாப்பாடு பிரமாதமாக இருந்தாலும் நான் உட்காருவதில்லை. மொய் எழுதிவிட்டு வந்துவிடுவேன். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

இம்மாதிரி விபத்துகளில் நெருப்பு தொடுவதற்கு முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடுகிறது. கார்பன் மோனாக்சைடு நம் ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குழப்பம், கால் துவண்டு மயக்கம். கதவு எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகும். புகை மேலே போகும், கொஞ்சமாவது நல்ல காற்று தரைக்குப் பக்கத்தில் இருக்கும். அதனால் குனிந்து, தேவைப்பட்டால் தவழ்ந்து வெளியேற வேண்டும். புடவையில் பிடித்தால் ஓடக் கூடாது; ஓட ஓட விசிறி விட்ட மாதிரிதான். நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையையோ ஜமுக்காளத்தையோ போர்த்தி அமுக்கலாம். நைலக்ஸ் புடவை, நைட்டி எல்லாம் உருகித் தோலோடு ஒட்டும். அடுப்படியில் பருத்தியே கட்டுங்கள்.

கேஸ் வாசனை வந்தால் லைட் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம்; தரையோடு தவழ்ந்து கட்டிலுக்கு அடியில்கூடப் படுத்திருக்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து, வாசலில் நின்று போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கு 1906.

வேடிக்கை பார்க்கிறவர்களே...

2017 ஜூலை, சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் தீ. இரவு நேரம், தெருவில் ஒரே கூட்டம். தீயணைப்புக்காரர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது உள்ளே சிலிண்டர் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். வேடிக்கை பார்த்து நின்றவர்களும் நிறையப் பேர் தீக்காயம் பட்டார்கள், சிலர் பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அந்தக் கடையில் எந்த வேலையும் இல்லை.

2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தின் பழைய கலச மகால் எரிந்தபோதும் இந்தத் துறை ஓர் ஆளைப் பறிகொடுத்தது. கோட்ட அலுவலராக இருந்த பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயம் பட்டு, பிழைத்து, மறுபடி வேலைக்குத் திரும்பினார். வருஷா வருஷம் ஏப்ரல் 14-இல் நாம் சித்திரை பிறந்ததென்று பாயசம் வைக்கிறோம். தீயணைப்பு நிலையங்களில் அன்றைக்கு அஞ்சலி. 1944-இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிவந்த 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் ஒரே நாளில் போனார்கள்.

உடனே போகிற உயிர் ஒரு பக்கம். மெதுவாகத் தேய்கிற உடம்பு இன்னொரு பக்கம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-இல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதல் வரிசையில் சேர்த்தது. எரிகிற பிளாஸ்டிக்கும் ரெக்ஸினும் பெயிண்டும் கக்குகிற புகை அப்படி. அமெரிக்காவில் பணியில் இருக்கும்போது இறக்கிற தீயணைப்பு வீரர்களில் மாரடைப்பில் போகிறவர்கள்தான் அதிகம். தூங்குகிறவன் மணிச்சத்தத்தில் துள்ளி எழுந்து, கனமான உடுப்பில், வெக்கையில், படியேறினால் இருதயம் என்ன செய்யும்? எங்கள் நிலையத்து ஆட்கள் என்னிடம் கஷாயம் வாங்க வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது பி.பி. பார்த்தாயா, சுகர் பார்த்தாயா என்றுதான். வேலை முடிந்து வந்தால் டீயும் சிகரெட்டும் வேண்டாம், உப்புப் போட்ட நீர்மோரை ஒரு சொம்பு குடி. புகை படிந்த உடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பிள்ளை துணியோடு ஊறவைக்காதே. இதுதான் என் பிரிஸ்கிரிப்ஷன். இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

சரி, நீங்கள் போன் செய்கிறபோது என்ன சொல்ல வேண்டும்? 101 இன்றைக்கும் இருக்கிறது. 112-க்குச் செய்தாலும் அவர்களுக்குப் போகும். ஊர் பெயர், எந்த ஊருக்குப் பக்கம், தெரு, பளிச்சென்று தெரிகிற ஓர் அடையாளம் (கோயில், டேங்க், ரேஷன் கடை), எரிவது வீடா, வைக்கோலா, கேஸா, எண்ணெயா, உள்ளே ஆள் உண்டா என்று நிதானமாகச் சொல்லுங்கள். உங்கள் நம்பரைக் கொடுங்கள். அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள். ஓர் ஆளை மெயின் ரோட்டில் நிறுத்துங்கள். சந்தில் நிற்கிற டூ வீலர்களை நகர்த்துங்கள். காயம்பட்டவர் இருந்தால் இன்னொரு போனில் 108.

என் புதிய கொட்டகைக்கு இப்போது சிமென்ட் ஷீட். அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு வாளி மணல், சுவரில் கடாய்க்கு அளவெடுத்துச் செய்த இரும்பு மூடி. தண்ணீர் பக்கெட் வாசலுக்கு வெளியேதான். அந்தப் பையன் இப்போது செஞ்சியில் சொந்தமாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறான். அவன் கடையில் எண்ணெய் காய்ச்சுவதில்லை, என்னிடம் வாங்கித்தான் விற்கிறான்.

போன தை மாதம் எதிர்வயல் கிணற்றில் ஒரு சினைப்பசு விழுந்துவிட்டது. நான்தான் போன் செய்தேன். ஊர், தெரு, அடையாளம், பசுவின் நிலைமை, கிணற்றின் ஆழம், தண்ணீர் மட்டம், மூச்சு விடாமல் ஒப்பித்தேன். சிறிது நேரத்தில் செஞ்சி நிலையத்திலிருந்து விவரம் கேட்டுத் திருப்பிக் கூப்பிட்டார்கள். என் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"யாரு, எண்ணெய் டாக்டரா? வழி தெரியும் சார், வந்துட்டோம்!"